சுப்பராயன் சொன்ன டைனமோ

பக்கவாதம் அடித்துப் பேச்சு போனவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் நிற்குமாம். ஒருவருக்கு 'அம்மா', ஒருவருக்கு 'முருகா', இன்னொருவருக்கு நாலு பேர் நடுவில் சொல்லக்கூடாத ஒரு வசவு. கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்துவந்த சுப்பராயனுக்கு மிஞ்சியது 'டைனமோ'.

சிரிக்காதீர்கள். அவர் மனைவி பிரேமாவே முதல் நாள் சிரித்துவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் டைனமோ, கால் மரத்துப்போனாலும் டைனமோ. பார்க்க வந்த மச்சினன், "எப்டிகீற மாமா?" என்று கேட்டதற்கும் டைனமோ. உள்ளுக்குள் எல்லாச் சொல்லும் ஒழுங்காகத்தான் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிடும், நாக்கில் ஏறும்போது அத்தனையும் டைனமோவாக மாறிவிடும். வலது கையும் வலது காலும் செத்துக் கிடந்தன. சிலேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். இடது கையில் கோடு வந்ததே தவிர எழுத்து வரவில்லை. தலையாட்டலாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. 'வேண்டாம்' என்று ஆட்ட நினைத்தால் கழுத்து தன்பாட்டுக்கு 'சரி' என்று ஆடிவைக்கும்.

"அவர் தலையாட்டறத வெச்சி ஒன்னும் முடிவு பண்ணாதீங்கக்கா. ஆமாவும் இல்லையும் மாறி மாறி வரும்" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஏஞ்சல் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்.

பிரேமா கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் புருஷன் குரல் தெரியாதா? இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெடுக்கென்று சொன்னால் ஒன்றுக்கு, இரண்டு தரம் சொன்னால் சம்மதம் என்று அவளாக ஒரு அகராதி போட்டு வைத்திருந்தாள். பத்துக்கு எட்டு சரியாகவும் இருந்தது. வினையே அந்த எட்டில்தான் இருந்தது. பத்தும் தப்பாகப் போயிருந்தால் அவள் அவரை எதையும் கேட்டிருக்க மாட்டாள்.

அந்தச் சொல் ஏன் அவர் வாயில் போய் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழங்கால கார்களில் இருந்தது டைனமோ. அப்புறம் வந்த வண்டிகளில் எல்லாம் இருப்பது ஆல்டர்நேட்டர். இரண்டும் இன்ஜின் பெல்ட்டில் சுற்றி பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிறவைதான். வேலை ஒன்று, குணம் வேறு. ஆனால் ரோட்டோரக் கடைகளில் இரண்டுக்கும் ஒரே பேர்தான். அதிலும் சுப்பராயன் கடையில் இன்னொரு பேரைச் சொல்லவே விடமாட்டார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த ஒருத்தன் 'ஆல்டர்நேட்டர்' என்று வாயைத் திறந்ததற்கு, "இன்னாது? வாய்ல நொழையாத பேரெல்லாம் எனக்கு வேணாம். டைனமோன்னு சொல்லு, லாரிக்காரனுக்குப் புரியும்" என்று அவனைக் கடையில் நிற்கவே விடாமல் துரத்தியடித்தார். அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கத்துவதற்கு வாய் இருந்தது.

ஐந்து மாதமாகக் கடையை ஓட்டிக்கொண்டிருந்தது பிரேமாதான். தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிச் சுற்றியே வேலையைக் கற்றுக்கொண்டவள். காலையில் ஷேர் ஆட்டோவில் புருஷனையும் ஏற்றிக்கொண்டு வருவாள். மேஸ்திரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் டிரைவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். பெண்பிள்ளை ஒயரைத் தொடுகிறாள் என்பதைவிட, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க அவர் வீட்டம்மா ஒயரைத் தொடுகிறாள் என்பது அவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக ஜீரணமாயிற்று.

கடை நின்ற இடம் துளசிராமனுடையது. பக்கத்தில் லாரி எடை மேடை நடத்துகிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். அவர் வீட்டில் அவர் நைனா காலத்து மோரிஸ் மைனர் ஒன்று, ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி, தவளை மாதிரிக் கண்ணை விழித்துக்கொண்டு நின்றது. அதன் டைனமோ எரிந்துபோய் வருஷக்கணக்காகிறது. ஆடி மாசம் பிறந்ததும் துளசிராமனுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம பெரியபாளையம் பவானியம்மனுக்கு இந்த வண்டியிலதான் போறேன் பிரேமா. நீ ஓட வெச்சிட்டன்னு வையி, கடை உன்னுது. பொம்பள செய்வாளான்னு எவனும் அப்பால கேக்க மாட்டான். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. டயர் கடைக்காரன் எடத்தக் கேட்டு தெனம் வந்து நிக்கிறான்."

"முடியும்ணா" என்றாள் பிரேமா. வேறென்ன சொல்லுவாள்? இந்தக் கடை போனால் அவள் எங்காவது கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான். அப்போது நாள் முழுக்கப் புருஷனுக்கு யார் தண்ணீர் கொடுப்பது, யார் அவர் சொல்கிற டைனமோவுக்கு அர்த்தம் சொல்வது? சுப்பராயனுக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி ஓட வேண்டும். ஐந்து மாதத்தில் அவர் சாமியிடம் வேறு எதையும் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் பழைய இரும்புக் கடை ராபின் ஒரு சாக்குப் பையோடு வந்தான்.

"அக்கா, டைனமோ கொண்டாந்துட்டேன். பொன்னாட்டம் கீது. ஏதோ ஸ்கிராப் வேன்ல கழட்டுனது. எந்த வேன்னு மட்டும் கேக்காத, எனக்கே தெர்ல."

சாக்கைப் பிரித்ததும் சுப்பராயனுக்குத் தெரிந்துவிட்டது: ஆல்டர்நேட்டர். மோரிஸில் பழைய டைனமோ இருந்த இடத்தில், ஒரு இரும்புப் பட்டையை வளைத்துப் போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும். நல்ல சரக்குதான். ஆனால் பேர்த் தகட்டை யாரோ சுரண்டியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு தடித்த போல்ட், அதன் பக்கத்தில் குட்டிக் குட்டியாக இரண்டு பின். எந்தப் பின் எதற்கு என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

பிரேமா அதைப் பெஞ்சின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தடித்த போல்ட் பேட்டரிக்குப் போவது, அதில் சந்தேகமில்லை. குட்டிப் பின் இரண்டில் ஒன்று சாவி போட்டதும் கரண்ட் வாங்குவது, இன்னொன்று டேஷ்போர்டு சிவப்பு விளக்குக்குப் போவது. விளக்குப் பின்னுக்கு பல்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும், நேராகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அந்த நிமிஷமே கருகிவிடும். இரண்டில் எது எது என்று தெரியாமல் தொட முடியாது.

சுப்பராயன் நாற்காலியில் இருந்தபடி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்பு, பல்பு, டெஸ்ட் பல்பை எடு என்று மனசுக்குள் கத்தினார். வாயைத் திறக்க பயமாக இருந்தது. அவள் இரண்டு நிமிஷம் நெற்றியைத் தேய்த்தாள். அப்புறம் ஆணியில் தொங்கின டெஸ்ட் பல்பை எடுத்தாள். பேட்டரியின் மைனஸை ஆல்டர்நேட்டரின் உடம்புக்குக் கொடுத்தாள். பிளஸ்ஸைத் தடித்த போல்ட்டுக்குக் கொடுத்தாள். பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொரு பின்னாகத் தொட்டாள். முதல் பின்னில் ஒன்றுமில்லை. இரண்டாவது பின்னில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இதான் வெளக்குப் பின்னு! இன்னா மாமா, சரிதானே?"

"டைனமோ, டைனமோ" என்றார் சுப்பராயன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தடவை அவர் நினைத்ததும் அவள் புரிந்துகொண்டதும் ஒன்றுதான். துளசிராமன்கூட எடை மேடையை விட்டு வந்து, "பரவால்லியே, பேரே இல்லாத சாமானுக்குப் பேரு வெச்சிட்டியே" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் ஆல்டர்நேட்டரை வண்டியில் ஏற்றிப் பெல்ட் மாட்டியாயிற்று. பழைய டைனமோவின் கரண்டைக் கட்டுப்படுத்திய கட்-அவுட் பெட்டியை ஒதுக்கிவிட்டு, லாரிக்குப் போடுகிற தடித்த ஒயரையே பேட்டரி வரைக்கும் இழுத்துவிட்டாள். விளக்குப் பின்னை டேஷ்போர்டு பல்புக்கும் இன்னொன்றைச் சாவிக்கும் கொடுத்தாள். ஒரு இடத்திலும் தப்பில்லை. சுப்பராயன் கைகால் நன்றாக இருந்து செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பாரா என்று அவருக்கே சந்தேகம். மிச்சம் இருந்தது பேட்டரி இணைப்பு ஒன்றுதான். அதை நினைத்துத்தான் காலையிலிருந்தே அவர் பயந்துகொண்டிருந்தார்.

இந்தக் காலத்து எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸைத்தான் பாடிக்குக் கொடுப்பார்கள். அதைத்தான் எர்த் என்பது. எர்த் என்றால் மைனஸ் என்றே லாரி வேலை பார்க்கிறவர்களுக்கு மனசில் பதிந்துவிட்டிருக்கும். இந்த மோரிஸ் மாதிரி பழைய டைனமோ வண்டிகளில் அது தலைகீழ். பிளஸ்தான் பாடிக்குப் போகும். ஆனால் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டால் அந்தப் பழைய முறை செல்லாது. பேட்டரியைத் திருப்பி மைனஸைத்தான் பாடிக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயர் தொட்ட மாத்திரத்தில் ஆல்டர்நேட்டரின் டயோடுகள் வழியாகப் பேட்டரி மொத்தமும் ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் அது சாமான் இல்லை, சாம்பல்.

பிரேமா எர்த் பட்டையைக் கையில் எடுத்து வழக்கம்போல மைனஸில் செருகப் போனாள். அதுதான் சரி. சுப்பராயன் மூச்சை விட்டார்.

"நில்லு, நில்லு!" என்று பாய்ந்து வந்தார் துளசிராமன். "இன்னா பண்ற? இந்த வண்டிக்கு பிளஸ்தான் எர்த்து. அத்தப் பாரு" என்று பானெட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'பிளஸ் எர்த். மாற்றாதே.' "எங்க நைனா எழுதி வெச்சது. மாத்திக் குடுத்து ஒருவாட்டி மொத்த ஒயரும் கருகிட்ச்சாம்."

பிரேமா பட்டையைப் பார்த்தாள். அதன் கிளாம்ப் வாய் மைனஸ் முளைக்குத் தொளதொளவென்று இருந்தது, பிளஸ் முளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவும் நைனாவுக்கே சாட்சி சொல்லிற்று.

"ஆனா பெஞ்சு மேல மைனஸத்தானே நான் ஒடம்புக்குக் குடுத்துப் பாத்தேன். அப்பதானே பல்பு எரிஞ்சது" என்றாள் அவள், பாதி தனக்கும் பாதி அவருக்குமாக. அந்த ஒரு நிமிஷம் அவள் சரியான வாசலில்தான் நின்றாள். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் உள்ளே போயிருப்பாள்.

"அது பெஞ்சு, இது வண்டி" என்றார் துளசிராமன். சொன்ன தோரணையைப் பார்த்தால் அது பெரிய தத்துவம் என்று தோன்றும்.

அவள் முட்டாள் இல்லை, போனை எடுத்தாள். கவரைப்பேட்டையில் கடை வைத்திருக்கும் அன்புசெல்வன் பழைய கார் வேலை தெரிந்தவன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ஒரு மோரிஸ் மைனரு. டைனமோ மாட்டிகினு கீறேன். எர்த்து எத்தக் குடுக்கணும்?"

"மோரிஸ் டைனமோவா? பிளஸ் எர்த்துக்கா. கண்ண மூடிகினு குடு" என்றான் அன்புசெல்வன். பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. "மேஸ்திரிய கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அவன் மேல் தப்பில்லை. டைனமோ என்று கேட்டாள், டைனமோவுக்குச் சொன்னான். 'ஆல்டர்நேட்டர்' என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வந்திருந்தால், "ஐயோ, மைனஸ்க்கா" என்று அலறியிருப்பான். அந்த வார்த்தை அவள் வாயில் எப்படி வரும்? அந்தக் கடையில் அதைச் சொன்னவனைத் துரத்தின ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுப்பராயனுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் ஒரு கைதான் இருந்தது.

பிரேமா போனை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனிடம் வந்து குனிந்தாள். ஊரே சொன்னாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் அவளுக்குத் தைரியம்.

"மாமா, நீ சொல்லு. இது டைனமோதானே? பிளஸ்ஸப் பாடிக்குக் குடுத்துரட்டா?"

இது டைனமோ இல்லை. இல்லவே இல்லை. அவர் உடம்பில் மிஞ்சியிருந்த பலம் எல்லாம் திரண்டு அந்த 'இல்லை'யின் பின்னால் போய் நின்றது. உதடு கோணிற்று, எச்சில் வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"டைனமோ!" என்றார். தன் காதில் விழுந்ததும் பதறிப்போய் மறுபடியும் முட்டினார். "டைனமோ!"

இரண்டு தரம். அவள் அகராதியில் அது சம்மதம். கழுத்தும் சேர்ந்துகொண்டு மேலும் கீழுமாக ஆடியது.

"பாத்தியா? மேஸ்திரியே சொல்லிட்டாரு" என்று துளசிராமன் கையைத் தட்டினார். எல்லாருக்கும் சந்தோஷம்.

பிரேமா எர்த் பட்டையை பிளஸ் முளையில் வைத்து முடுக்கினாள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆல்டர்நேட்டரிலிருந்து வரும் கேபிளை மைனஸில் மாட்டினால்தான் சுற்று முழுசாகும். அவள் அந்தக் கேபிளை எடுத்தபோது சுப்பராயன் நாற்காலியிலிருந்து சாய்ந்து இடது கையால் அதை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்து இழுத்தார். விடமாட்டேன் என்று இழுத்தார்.

பிரேமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, மறந்தே போய்ட்டேன் பாரு! கைராசி!"

கடை திறந்த நாள் முதலாக எந்த வண்டியானாலும் கடைசி இணைப்பை சுப்பராயன் கையால்தான் கொடுப்பது வழக்கம். மேஸ்திரிக்குக் கைராசி என்று டிரைவர்கள் காத்திருந்து வாங்கிப் போவார்கள். ஐந்து மாதமாக விட்டுப்போயிருந்த அந்த வழக்கத்தை அவரே ஞாபகமாகக் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். துளசிராமனும் அவளும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி வண்டி முன்னால் நிறுத்தினார்கள். அவர் இடது கையில் கேபிளை இறுக்கிப் பிடித்தபடி பேட்டரியை விட்டு விலகிப் பின்னால் சாய்ந்தார். கால் நிற்கவில்லை என்று அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

"பீச்சாங்கையால வேணாம் மேஸ்திரி, சாமிக்குப் போற வண்டி" என்றார் துளசிராமன். "சோத்துக்கையால வெக்கச் சொல்லு பிரேமா."

இடது கையின் விரல்களைப் பிரேமா ஒவ்வொன்றாக, வலிக்காமல், குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிறாற்போல விடுவித்தாள். செத்துக் கிடந்த வலது கையைத் தூக்கினாள். கேபிளின் கிளாம்பை அதன் உள்ளங்கையில் பொதிந்து, மேலே தன் கையை வைத்து மூடிக்கொண்டாள். இடது கையாக இருந்தால் அவர் தட்டிவிட்டிருப்பார். வலது கை அவர் சொல்லைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. தன் கை தன் கண் முன்னாலேயே பேட்டரியை நோக்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயே பவானி" என்று சொல்லி அவள் அழுத்தினாள்.

படாரென்று நீலமாக ஒரு பொறி. கிளாம்ப் முளையோடு ஒட்டிக்கொண்டது. ஆல்டர்நேட்டரின் வயிற்றிலிருந்து முதலில் மெல்லிசாக, அப்புறம் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. தடித்த ஒயர் உருகிப் பானெட்டுக்குள் சொட்டியது. சுப்பராயனை அப்படியே துளசிராமன் மேல் தள்ளிவிட்டு, பிரேமா வெறுங்கையால் கிளாம்பைப் பிடித்துப் பிடுங்கி எறிந்தாள். எல்லாம் நாலைந்து விநாடிதான். அதற்குள் நைனா காலத்துப் பழைய ஒயர்களும் பாதி கருகியிருந்தன.

நாளைக்கு வண்டி கோயிலுக்குப் போகாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சுப்பராயனை நாற்காலியில் உட்கார வைத்த துளசிராமன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்துவார் என்று பார்த்தால் கத்தவில்லை. அதுதான் ஆச்சரியம்.

"பிரேமா, இங்க பாரு. காலையில நீ பின்னு கண்டுபுடிச்சத நான் கண்ணால பாத்தேன். உனக்கு வேலை தெரியுது. மைனஸுலதான் நீ மொதல்ல மாட்டப் போன, அதயும் பாத்தேன். நான் ஒன்னு சொன்னேன், போன்ல அவன் ஒன்னு சொன்னான், ஆனாலும் நீ கடசீல இவரக் கேட்டுத்தானே மாட்டின? பேஜாரே அங்கதான். மூள கலங்கின மனுசன். கேட்டா டைனமோன்றாரு, தலைய ஆட்டறாரு. அத்த ஒரு பேச்சுன்னு எடுத்துகினு வேலை செஞ்சா இப்டித்தான் எரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னு செய்யி. நாளயிலேர்ந்து இவர ஊட்லயே குந்த வையி. கடைப் பக்கம் கூட்டாராத. இவரால வந்த தப்புதான்னு நானும் உட்டுர்றேன். நீ தனியா நடத்து. கடை உன்னுதுதான்."

சுப்பராயன் மனசுக்குள் பிரேமாவைக் கெஞ்சினார். சரி என்று சொல்லடி. தப்பு என் தலையில் போகட்டும், பொய்யோ நிஜமோ, கடை நிற்கட்டும். ஆமாம், என்னால்தான், நான்தான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "டைனமோ" என்று கேட்டது. பைத்தியம் என்பதற்கு அத்தாட்சி போல.

பிரேமா அவரைப் பார்த்தாள். கோணின வாய், அதில் வழிகிற எச்சில், நனைந்த சட்டைக் காலர். வெந்த உள்ளங்கையைப் புடவையில் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இல்லண்ணா. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ஒயரப் புடிச்சி இழுத்தாரே, எதுக்குன்னு நெனச்ச? மாட்டாதன்னு இழுத்தாரு. நான்தான் கேக்காம மாட்டிட்டேன்."

சுப்பராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துவிட்டதா? இவளுக்குத் தெரிந்துவிட்டதா? ஐந்து மாதமாக மூடிக் கிடந்த ஒரு கதவு திறந்தாற்போல இருந்தது.

"வேணாம்னாரா? டைனமோ டைனமோன்னாரும்மா, நான்தான் பக்கத்துல நின்னேனே."

"அவர் பேச்சு உனக்குப் புரியாதுண்ணா, எனக்குப் புரியும். தெளிவாத்தான் சொன்னாரு. அவர் மூளயில ஒன்னும் கொறையில்ல."

"புரிஞ்சேவா மாட்டின?"

"ஆமா."

துளசிராமன் கருகின ஒயரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் காலையில் இருந்த மரியாதை இறங்கிவிட்டது.

"மேஸ்திரி மாட்டாதன்னு சொல்லியும் மாட்டினன்னா, அப்போ உங்கிட்டத்தான் கோளாறு. உன்ன நம்பி லாரிக்காரன் எப்டிமா வண்டிய உடுவான்? இன்னிக்கு என் வண்டி, நாளைக்கு எவன் வண்டியோ. ஆடி முடியட்டும், எடத்தக் காலி பண்ணிக் குடுத்துரு."

அவர் போய்விட்டார். கடையில் கருகின ரப்பர் நாற்றம் மட்டும் நின்றது. பிரேமா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். அப்புறம் ஈரக்கையோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லுவாள், அதற்காகக் காத்திருந்தார்.

"உன்னப் போயி மூள கலங்குனவன்றான் மாமா. கடை போனாப் போவுது, உன்ன உட்டுக் குடுக்க என்னால முடியாது. அதான் ஒரு பொய் சொல்லிட்டேன்." அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "நீ தப்பா சொல்லிட்டன்னு நமக்குள்ளயே இருக்கட்டும்."

திறந்த கதவு அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மூடியது. துளசிராமனிடம் அவரைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், மாட்டாதே என்றுதான் இழுத்தார். ஊரறிய உண்மையைச் சொல்லி அதற்காகக் கடையையும் இழந்துவிட்டு, அது பொய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்லாமல் செத்தால் கட்டை வேகாது என்று அவருக்குத் தோன்றியது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டைனமோ" என்றார்.

"சரி மாமா, உடு. யாருக்குத்தான் தப்பு வராது? எனக்கு உம்மேல கோவம் இல்ல."

அவர் தலையை முடிந்த மட்டும் ஆட்டினார். அழுதுகொண்டே, இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாகச் சொல்லப் பார்த்தார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் மறுபடியும் மன்னித்தாள்.